வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்து ஊதா பூக்குமா? கேட்லியா கலப்பில் ஒரு குழப்பம்

மழைத்துளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆறரை வருடம் காத்திருந்த கலப்பு இந்த மாதம் பூத்தது. பார்த்ததும் மனசு உடைந்துவிட்டது.

தாய்ச்செடி, கேட்லியா என்ற ஆர்க்கிட்டின் பழைய வெள்ளைக் கலப்பினம் ஒன்று. தந்தை ஓர் இயற்கை இனத்தின் வெள்ளை வகை. இரண்டிலும் இதழில் துளி நிறம் கிடையாது, உதட்டின் (மற்றவற்றிலிருந்து வேறுபட்டு முன்னால் நீளும் இதழ்) தொண்டையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். பல்லுக்குச்சி நுனியால் மகரந்தக் கட்டியை எடுத்து வைத்தது நான்தான். காய் முற்ற பத்து மாதம். பிறகு விதையை ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துக் குடுவையில் முளைக்க வைத்தேன். குடுவையிலிருந்து வெளியே எடுத்ததில் 14 நாற்றுகள் பிழைத்தன.

இதுவரை 3 பூத்திருக்கின்றன. மூன்றும் ஊதா! வெளிறிய ஊதா இதழ், உதடு இன்னும் அடர்த்தி. விதைத்த கூடத்தில் குடுவையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். மீதி 11 செடிகளையும் யாருக்காவது கொடுத்துவிட்டு இடத்தைக் காலி செய்யலாமா என்று யோசிக்கிறேன். இரண்டு வெள்ளைக்கு ஊதா பிறக்க வேறு வழி ஏதாவது இருக்கிறதா?

விதைக்கூடு எழுதியது:

தயவுசெய்து ஒரு செடியையும் கொடுத்துவிடாதீர்கள். குடுவை மாறாமலே இது நடக்கும். ஆர்க்கிட் மரபியலில் முதன்முதலில் புரிந்துகொள்ளப்பட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று.

கேட்லியாவின் ஊதாவுக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. அது உருவாக ஒன்றல்ல, குறைந்தது இரண்டு காரணிகள் வேண்டும். அந்தக் காலத்து ஆய்வாளர்கள் அவற்றுக்கு ‘சி’, ‘ஆர்’ என்று பெயர் வைத்தார்கள். திரியும் எண்ணெயும் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் எண்ணெய் உண்டு, திரி இல்லை. இன்னொரு வீட்டில் திரி உண்டு, எண்ணெய் இல்லை. இரண்டு வீடும் இருட்டுதான். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டு இருட்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒன்று சேர்ந்தால் விளக்கு எரிகிறது. உங்கள் தாய்ச்செடிக்கு ‘சி’ கிடையாது, தந்தைக்கு ‘ஆர்’ கிடையாது என்று வைத்தால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்திலிருந்து ஒன்று கிடைத்துவிடும். ஊதா வந்தே தீரும்.

இங்கிலாந்தில் சார்லஸ் ஹர்ஸ்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்க்கிட் கலப்புகளை வைத்து இதை ஆராய்ந்தார். அதே காலத்தில் மரபியலாளர்கள் பேட்சனும் புன்னெட்டும் இனிப்புப் பட்டாணிப் பூவில் இதையேதான் கண்டார்கள். வெள்ளை இரண்டைக் கலந்தார்கள், முதல் தலைமுறை ஊதா. அந்த ஊதாக்களைத் தங்களுக்குள் கலந்தபோது 9 ஊதாவுக்கு 7 வெள்ளை என்ற விகிதம் வந்தது. ஒரே மரபணு என்றால் 3-க்கு 1 என்று வரும். அப்படி வராமல் 9-க்கு 7 என்று வந்தால், பின்னால் இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன என்று பொருள்.

தொண்டையில் மஞ்சள் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் முக்கியம். மஞ்சள் தருவது கரோட்டினாய்டு, அது வேறு பாதையில் உருவாவது. உங்கள் வெள்ளைப் பூக்களுக்கு நிறமே செய்யத் தெரியாது என்பதில்லை. ஊதாப் பாதை மட்டும் ஓரிடத்தில் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நிழல்வலை எழுதியது:

விதைக்கூடு சொல்வது சரி, ஆனால் நான் கொஞ்சம் குறுக்கே நிற்கிறேன். முப்பது வருடமாகச் செடி வளர்க்கிறேன். என் அனுபவத்தில் எதிர்பாராத பூ வந்தால் பத்தில் ஏழு தடவை காரணம் பெயர்ச்சீட்டுதான். பக்கத்துத் தொட்டிக்குப் போன சீட்டு, கழுவும்போது அழிந்த எழுத்து, குடுவையில் தப்பாக எழுதின எண். இன்னொன்று, மகரந்தம் வைத்த பிறகு பூவை மூடினீர்களா? ஒரு வண்டு ஊதாப் பூவிலிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தாலும் பிள்ளை ஊதாதான். மூன்று பூவை மட்டும் பார்த்து மரபணுக் கணக்குப் போடுவது அவசரம் என்பது என் கருத்து.

மழைத்துளி எழுதியது:

பூவை மூடவில்லை. ஆனால் தாய்ப்பூவின் சொந்த மகரந்தத்தை முதலில் எடுத்துவிட்டுத்தான் தந்தையுடையதை வைத்தேன். இரண்டாம் நாளே இதழ்கள் தளர்ந்து மடங்கிவிட்டன.

விதைக்கூடு எழுதியது:

அப்படியென்றால் வண்டுக்கு வாய்ப்புக் குறைவு. மகரந்தம் ஏறியதும் ஆர்க்கிட் பூ கடையை மூடிவிடும், வாசனையும் நின்றுபோகும். வண்டு வருவதற்குக் காரணமே இருக்காது. ஆனாலும் நிழல்வலை கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது.

பூக்காத 11 செடிகளின் புதுத் தளிரை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஆந்தோசயனின் செய்யத் தெரிந்த கேட்லியாவில் தளிரின் அடியுறையிலும் இலை நுனியிலும் சிவப்புப் பொட்டோ கறையோ தெரியும். சுத்த வெள்ளைச் செடியில் தளிர் வெறும் பச்சையாக இருக்கும். வெள்ளைப் பூவுக்காக வளர்ப்பவர்கள் நாற்றுப் பருவத்திலேயே இதை வைத்துத்தான் கழிப்பார்கள், பூக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். முதலில் தாய், தந்தை இரண்டின் தளிரையும் பாருங்கள். என் கணக்குச் சரியென்றால் அவை இரண்டும் பச்சை, பிள்ளைகள் 11-ம் சிவப்பு.

புதுத்தளிர் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட்டை மட்டும்தான் வளர்க்கிறேன், கலப்பெல்லாம் இன்னும் செய்ததில்லை. நிறம் உண்டா இல்லையா என்பது இந்தத் திரி, எண்ணெய்க் கணக்கில் புரிந்துவிட்டது. ஆனால் என்னிடம் ஒரே வெள்ளைத் தளத்தில் மூன்று விதமாகப் பூக்கும் செடிகள் இருக்கின்றன. ஒன்றில் நரம்பு நரம்பாகக் கோடு, ஒன்றில் சின்னப் புள்ளி, இன்னொன்றில் மை கொட்டியது போலப் பெரிய திட்டு. நிறமி ஒன்றுதான் என்றால் எங்கே விழ வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

விதைக்கூடு எழுதியது:

கலப்புச் செய்கிற எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நிறமும் கோலமும் தனித்தனி. மாவு அரைப்பவர் வேறு, கோலம் போடுபவர் வேறு.

மாவு அரைப்பது நொதிகளின் வேலை. எந்தச் செல்லில் அந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்று சொல்வது ‘மைப்’ என்ற வகைக் கட்டுப்பாட்டு மரபணுக்கள். தைவான் ஆய்வாளர்கள் 2015-ல் ஃபலனாப்சிஸ் ஈக்வெஸ்ட்ரிஸ் இனத்தில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். மைப் 2 இதழ் முழுவதும் பூசுகிறது. மைப் 11 புள்ளி வைக்கிறது. மைப் 12 நரம்புக் கோடு போடுகிறது. உங்கள் மூன்று செடிகளிலும் நிறமி ஒரே குடும்பம்தான், கட்டளை போடுபவர்தான் வேறு. அதனால்தான் கோடு போட்ட பூவையும் புள்ளி வைத்த பூவையும் கலந்தால் பல சமயம் இரண்டுக்கும் நடுவாக ஒன்று வராமல், ஒரே இதழில் கோடும் புள்ளியும் சேர்ந்தே வருகின்றன.

சரி, புள்ளி ஏன் புள்ளியாகவே நிற்கிறது? பரவி முழு இதழையும் நிரப்பாமல் இருப்பது எப்படி? கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952-ல் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். தன்னைத் தானே தூண்டிக்கொள்ளும் ஒரு பொருள், அதைத் தடுக்கும் இன்னொரு பொருள். தடுப்பது வேகமாகச் சுற்றிலும் பரவினால், தூண்டல் ஆங்காங்கே தீவு தீவாக நிற்கும். பூவில் இது உண்மையாகவே நடக்கிறது என்பதைக் குரங்குப்பூச் செடியில் 2020-ல் காட்டினார்கள். அங்கேயும் தூண்டுவது ஒரு மைப், தடுப்பது இன்னொரு மைப். தடுப்பது கெட்டுப்போன செடியில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து பெரிய சிவப்புப் பரப்பாகிவிட்டன. உங்கள் ‘மை கொட்டிய’ பூவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

நுண்குடுவை எழுதியது:

அந்த மை கொட்டிய பூ பற்றி நான் சொல்கிறேன், திசு வளர்ப்பில் வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஹார்லிக்வின் என்று அழைக்கப்படும் அந்த வகையை யாரும் கலப்பின் மூலம் கொண்டுவரவில்லை. கோல்டன் பீக்கர் என்ற ஃபலனாப்சிஸ் கலப்பு 1983-ல் பதிவானது. சிறு சிவப்புப் புள்ளிகள் கொண்ட பூ. தைவானில் அதைத் திசு வளர்ப்பில் பெருக்கினார்கள். அச்சு அசலாக ஒரே மாதிரி வர வேண்டிய செடிகளுக்கு நடுவே சிலவற்றில் புள்ளிகள் சேர்ந்து பெருந்திட்டுகளாகிவிட்டன. அவற்றைத் தனியே எடுத்து வைத்தவருக்குக் கூர்மையான கண் இருந்திருக்கிறது. இன்று பார்க்கும் திட்டுப் பூக்களில் ஏராளமானவை அந்த வழியில் வந்தவை.

காரணம் 2019-ல் வெளியானது. மரபணுத் தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் ஒரு துண்டு மைப் 11-க்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. அது அங்கே இருப்பதால் அந்த மரபணு அளவுக்கு மீறி வேலை செய்கிறது.

இதனால் புதுத்தளிர் போன்றவர்கள் கலப்புக்கு இறங்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். திட்டுப் பூவை வெள்ளையோடு கலந்தால் எல்லாப் பிள்ளைக்கும் திட்டு வராது. சிலவற்றில் பெருந்திட்டு, சிலவற்றில் ஓரத்தில் நாலு பொட்டு, சிலவற்றில் ஒன்றுமே இராது. ஒரே செடியில்கூடப் பூவுக்குப் பூ திட்டு இடம் மாறும்.

தொங்குவேர் எழுதியது:

தளத்து நிறத்தையும் யாராவது சொல்ல வேண்டும். கலப்பில் ஏமாற்றம் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

சிவப்புக் கேட்லியா பூ ஒன்று வாடப் போகும்போது அதன் இதழை எடுத்து நகத்தால் மேல்தோலை மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். நகத்தில் ஒட்டுவது ஊதாச் சிவப்பு. அடியில் தெரிவது மஞ்சள். நாம் சிவப்பு என்று பார்த்தது ஒரு நிறமே இல்லை. மஞ்சள் தளத்தின்மேல் ஊதாக் கண்ணாடி வைத்தது. ஆந்தோசயனின் மேல்தோல் செல்லின் சாற்றில் கரைந்திருக்கிறது, கரோட்டினாய்டு உள்ளே இருக்கும் செல்களில் நுண்மணிகளாகத் தங்கியிருக்கிறது. முதல் தடவை இதைச் சுரண்டிப் பார்த்த அன்று, என்னிடம் இருந்த சிவப்புப் பூ எல்லாவற்றையும் வேறு கண்ணால் பார்த்தேன்.

இதைத் தெரிந்துகொண்டால் பல விஷயம் தெளியும். டோவியானா என்ற கேட்லியா இனம் அருமையான மஞ்சள், உதட்டில் பொன் ரேகை. பெரிய மஞ்சள் பூ வேண்டும் என்று அதை ஊதாவோடு கலந்தவர்களுக்குக் கிடைத்தது ஊதாதான். அதன் மஞ்சள் ஒடுங்கிப் போகும், உதட்டின் பொன் ரேகை மட்டும் பிள்ளைக்கு வரும். சிவப்பு வேண்டியவர்கள் காக்சினியா என்ற குட்டி இனத்தைத் தேடிப் போனார்கள். அதன் சிவப்பு பிள்ளைக்கு இறங்கும், கூடவே பூவின் அளவும் சுருங்கும். அடுத்த இரண்டு மூன்று தலைமுறை அளவை மீட்கும் வேலைதான்.

நீலம் இன்னும் கஷ்டம். வாண்டா சீருலியா என்ற ஆர்க்கிட்டில் கட்டம் கட்டமாக வலைபோட்ட நீலம் இயற்கையிலேயே உண்டு. அதை சாண்டரியானா என்ற இன்னொரு வாண்டாவோடு கலந்து 1931-ல் பதிவான ராத்சைல்டியானா என்ற கலப்பில் அந்த வலை அப்படியே, பெரிய வட்ட இதழில் விரிந்தது. கோலம் ஒரு பக்கத்திலிருந்தும் வடிவம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்து பொருந்தியதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஃபலனாப்சிஸில் ஆழ்ந்த நீலம் கலப்பில் கிடைக்கவே இல்லை. ஜப்பானில் சிபா பல்கலைக்கழகத்தார் வேறொரு நீலப்பூச் செடியின் மரபணுவை உள்ளே நுழைத்துத்தான் அதை வரவழைத்தார்கள். விற்பனைக்கு வரும் பளீர் நீலம் சாயம் ஏற்றியது, அடுத்த பூக்காம்பு வெள்ளையாக வரும். அதை வாங்கிக் கலப்பு செய்யலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

புதுத்தளிர் எழுதியது:

உதட்டின் நிறம் பக்கத்து இதழ்களிலும் தெறித்தது போல இருக்கும் கேட்லியா பூக்கள்? அதுவும் இந்த மைப் வேலையா?

விதைக்கூடு எழுதியது:

இல்லை, அது வேறு கதை. அங்கே கோலம் மாறவில்லை, உறுப்பே மாறியிருக்கிறது. இன்டர்மீடியா என்ற கேட்லியா இனத்தின் அக்வினி என்ற வகையில் பக்க இதழ்கள் இரண்டும் பாதி உதடாக மாற முயல்கின்றன. உதடாக மாறினால் உதட்டின் நிறமும் கூட வரும். தெறிப்பு இதழ் கேட்லியாக்கள் பல அதன் வாரிசுகள். அந்த இதழின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், உதட்டின் சுருக்கமும் தடிப்பும் கொஞ்சம் கைக்குத் தெரியும்.

நிழல்வலை எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இத்தனை மரபணுவும் இருந்து வெப்பம் அதிகமானால் ஆந்தோசயனின் குறையும். மொட்டு வளரும் நாட்களில் வெக்கை என்றால் அதே செடி வெளிறிப் பூக்கும், குளிரில் அடர்த்தியாகப் பூக்கும். ஒரு பூவைப் பார்த்து நாற்றைத் தள்ளிவிடாதீர்கள். நான் அப்படித் தள்ளிவிட்ட ஒரு செடி மறு வருடம் நண்பர் வீட்டில் பூத்ததைப் பார்த்து இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

மழைத்துளி, தளிர் பார்த்தீர்களா?

மழைத்துளி எழுதியது:

பார்த்தேன். இன்று காலை ஒவ்வொரு தொட்டியையும் வெளியே எடுத்துவைத்துப் பார்த்தேன், எழுதியும் வைத்தேன்.

தாய்: பச்சை. தந்தை: பச்சை. பூத்த மூன்றிலும் தளிரின் அடியில் ஊசியால் குத்தியது போலச் சிவப்புப் பொட்டுகள், இத்தனை வருடம் வெயில் பட்டதால் வந்தது என்று நினைத்திருந்தேன். பூக்காத 11-ல் 7 செடிகளில் அதே பொட்டு. ஆனால் 4 செடிகள் சுத்தப் பச்சை. லென்ஸ் வைத்தும் பார்த்துவிட்டேன், ஒரு பொட்டுகூட இல்லை. விதைக்கூடு 11-ம் சிவப்பு என்றாரே?

விதைக்கூடு எழுதியது:

நான் சொன்னது தப்பாகிவிட்டது, அதனால் விஷயம் இன்னும் சுவையாகிவிட்டது!

ஒரு செடியில் ஒவ்வொரு காரணிக்கும் இரண்டு பிரதி உண்டு, பிள்ளைக்கு அதில் ஒன்றுதான் போகும். உங்கள் தாய்க்கு ‘ஆர்’ இரண்டு பிரதியும் நல்லது என்று நானாக எடுத்துக்கொண்டேன். ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்று இருந்தால்? தாய் எப்படியும் வெள்ளை, ஏனென்றால் ‘சி’ கிடையாது. எண்ணெயே இல்லாத வீட்டில் திரி ஒன்றா இரண்டா என்று வெளியே தெரியாது. அப்படியானால் பிள்ளைகளில் பாதிக்குத்தான் ‘ஆர்’ போகும். பாதி ஊதா, பாதி வெள்ளை. பழைய கலப்பினத்தில் இப்படி ஒளிந்திருப்பது சகஜம், பல தலைமுறையில் யார் யாரோ கலந்தது. இதே ஒளிவு தந்தையின் ‘சி’-யில் இருந்தாலும் கணக்கு இதேதான்.

மொத்தம் 14-ல் 10 சிவப்பு, 4 பச்சை. சரிபாதி இல்லை. ஆனால் நாணயத்தை 14 தடவை சுண்டினால் ஒரு பக்கம் 10 விழுவது அபூர்வம் இல்லை.

நிழல்வலை எழுதியது:

இரண்டு குடுவை கலந்திருந்தாலும் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் பச்சை என்றுதான் வரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். 14 என்பது ரொம்பக் குறைவு. ஒரு காயில் லட்சக்கணக்கில் விதை இருக்கும்.

நுண்குடுவை எழுதியது:

குறைவுதான். ஆனால் இந்தக் கலை தொடங்கியபோது 14 என்பது பெரிய எண்ணிக்கை. மனிதர் கையால் செய்த முதல் ஆர்க்கிட் கலப்பு 1856-ல் பூத்தது. இங்கிலாந்தின் வீச் நாற்றங்காலில் ஜான் டொமினி செய்த, கலாந்தே என்ற ஆர்க்கிட் வகைக் கலப்பு அது. அந்தக் காலத்தில் விதையைத் தாய்ச்செடியின் தொட்டியில் தூவிவிட்டுக் காத்திருப்பார்கள். ஆர்க்கிட் விதையில் உணவுச் சேமிப்பு கிடையாது, பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். லட்சத்தில் நாலைந்து பிழைத்தால் அதிர்ஷ்டம். 1922-ல் நட்சன் என்ற ஆய்வாளர் சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சையே இல்லாமல் முளைக்க வைத்த பிறகுதான் நூற்றுக்கணக்கில் எண்ணிப் பார்க்க முடிந்தது.

அதனால் மழைத்துளிக்கு என் யோசனை: அதே இரண்டு செடியை மறுபடி கலந்து விடுங்கள். இந்தத் தடவை பூவை வலைத்துணியால் மூடிவிடுங்கள். குடுவை நாற்றுகள் நூறு இருந்தாலும் பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தொட்டிக்கு மாறி நல்ல வெளிச்சத்தில் தளிர் விட்டாலே எண்ணிவிடலாம். பாதிக்குப் பாதி பச்சை வந்தால் விதைக்கூடு சொன்னது உறுதி. பழைய நாற்றில் ஓர் ஊதாவைத் தந்தையோடு கலந்தும் பாருங்கள். தந்தைக்கு ‘ஆர்’ மட்டும்தான் இல்லையென்றால் அங்கேயும் பாதி பச்சை.

மழைத்துளி எழுதியது:

தாய் அடுத்த பருவத்துக்குப் பூ உறை (மொட்டை மூடியிருக்கும் உறை) விட்டிருக்கிறது. பூத்ததும் கலந்து மூடிவிடுகிறேன். குடுவை மாறியது என்று ஒருவர்மேல் கோபமாக இருந்தேன், அதை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

இன்னொரு செய்தி. பச்சைத் தளிர் நான்கில் ஒன்றில், உச்சியில் உள்ள தண்டில் உறை வந்து மூன்று வாரமாகிறது. இரவு அதன் பின்னால் டார்ச் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு மொட்டு நிழலாகத் தெரிகிறது, கட்டைவிரல் நகத்தில் பாதி உயரம். ஊதாச் செடியின் உறையில் இதே நிலையில் மொட்டு மங்கிய கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. இதில் வெளிச்சம் பச்சையாகவே ஊடுருவி வருகிறது. விரிந்ததும் படம் போடுகிறேன்.